சதுர அடிக்கு எத்தனை மூட்டை?

வீடு கட்டி முடிச்சவரைப் பாத்தா நாம கேக்குற கேள்விகள் ரொம்பப் பிரசித்தம். "சதுர அடிக்கு எவ்ளோ ஆச்சு?", "வாஸ்து பாத்தீங்களா?", "டைல்ஸ் எங்க எடுத்தீங்க?", "கிரகப்பிரவேசத்துக்கு ஏன் சொல்லல?" (கடைசிக் கேள்விக்குத்தான் அவர் முழிப்பார்.) இந்த லிஸ்ட்ல வராத கேள்வி ஒண்ணு இருக்கு. சதுர அடிக்கு எத்தனை மூட்டை சிமெண்ட் போச்சு? அதை கான்ட்ராக்டர் மட்டும்தான் யோசிப்பார், அதுவும் பில் போடுறப்ப.

இந்தப் பதிவு அந்த மூட்டைக் கணக்கைப் பத்தித்தான். பூமி சூடாகுது, ஏசியைக் குறை, காரைக் குறை, பிளாஸ்டிக்கைக் குறைன்னு எல்லாரும் பேசியாச்சு. நாமளும் ஆளுக்கு ரெண்டு பதிவு போட்டாச்சு. ஆனா நம்மள்ல நிறைய பேர் வாழ்க்கையில ஒரே தடவையில வெளியேத்துற அதிகபட்சக் கரி, சொந்த வீடு கட்டுற அந்த ஒரு வருஷத்துலதான் போகுது. அதைப் பத்தி மட்டும் யாரும் மூச்சு விடுறதில்ல. சொந்த வீடு புனிதமாச்சே!

முதல்ல சிமெண்ட் ஏன் இவ்வளவு வில்லன்னு பாத்துடுவோம். பத்தாம் கிளாஸ் வேதியியல்தான், பயப்படாதீங்க.

சிமெண்ட் செய்ய சுண்ணாம்புக்கல்லைக் களிமண்ணோட சேத்து சுமார் 1450 டிகிரில வேக வைக்கணும். அவ்வளவு சூடு வேணும்னா நிலக்கரியோ பெட்கோக்கோ எரிக்கணும். அதுல வர்ற புகை ஒரு கணக்கு. இன்னொரு கணக்கு கல்லுக்குள்ளயே இருக்கு. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும், மிச்ச 44 கிலோ கரியமில வாயுவாக் காத்துல போயிடும். சூளையை நீங்க சூரிய சக்தியிலயே ஓட்டினாலும் இந்த 44 கிலோ போயே தீரும். சிமெண்ட் ஆலையில வர்ற கரியமில வாயுல பாதிக்கு மேல இப்படிக் கல்லுல இருந்து வர்றதுதான். அதனாலதான் மத்த தொழில்ல சொல்ற மாதிரி "கரண்டை மாத்திட்டா சரியாயிடும்"னு இங்க சொல்ல முடியாது. உலகத்துல மனுஷன் வெளியேத்துற கரியமில வாயுல 7-8 சதவீதம் சிமெண்ட் கணக்குல வருதுன்னு சொல்றாங்க. சிமெண்ட் உற்பத்தியில சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு.

நம்ம அரியலூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும். ஊரைச் சுத்தி சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, லாரி, வெள்ளைப் புழுதி. அந்த ஊரே பல கோடி வருஷம் முன்னாடி கடலுக்கு அடியில இருந்தது. சுருள் சுருளா அம்மோனைட் படிவங்கள் இன்னைக்கும் அங்க கிடைக்குது. வாரணவாசியில அதுக்கு ஒரு அருங்காட்சியகமே இருக்கு. அந்தக் காலத்துக் கடல் உயிர்கள் தண்ணில இருந்த கரியை எடுத்து ஓடாக் கட்டி, செத்து, அடியில படிஞ்சு, கல்லாகி, பத்திரமாப் பூட்டி வெச்சுட்டுப் போச்சு. நாம அந்தப் பூட்டை உடைச்சு காம்பவுண்ட் சுவர் கட்டுறோம்!

சரி, வீட்டுக் கணக்குக்கு வருவோம். மேஸ்திரிங்க சொல்ற குத்துமதிப்புப்படி சதுர அடிக்கு 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி. 1000 சதுர அடி வீட்டுக்கு 400 மூட்டை, அதாவது 20 டன் சிமெண்ட். கம்பி 4 டன். சாதா சிமெண்ட்டுக்கு டன்னுக்கு 0.8 டன் கரியமில வாயுன்னு வெச்சா 16 டன். இந்தியாவுல செய்யிற இரும்புக்கு டன்னுக்குச் சுமார் 2.5 டன், அதுல ஒரு 10. ஆக மொத்தம் 26 டன். செங்கல், டைல்ஸ், ஜன்னல், பெயிண்ட், லாரி வாடகை எதுவும் இதுல சேரல.

26 டன்னுன்னா எவ்வளவு? நம்ம நாட்டுக் கரண்டுக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மாசம் 200 யூனிட் எரிக்கிற குடும்பத்துக்கு, சுமார் 15 வருஷக் கரண்டு பில் அது. குடி போறதுக்கு முன்னாடியே 15 வருஷ பில்லைக் கட்டிட்டு உள்ள போறோம். அதுக்கப்புறம் எல்.இ.டி. பல்பு மாட்டி மனசைத் தேத்திக்கிறோம் :-)

இங்க ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். இந்த மாதிரிப் பேச்சு ஆரம்பிச்சதும் ஒரு கூட்டம் "எல்லாரும் மண்வீட்டுக்குத் திரும்புங்க"ன்னு கிளம்பிடும். சொல்றவங்க எல்லாம் பெரும்பாலும் மூணு படுக்கையறை ஃப்ளாட்ல இருந்துக்கிட்டு, கிராமத்துல கூரை வீட்டுல இருக்கிறவருக்கு அறிவுரை சொல்றவங்க. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது.

கூரை வீட்டுல இருக்கிறவருக்கு காரை வீடு ஆசை ஏன் வருது? 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் கடலூரை என்ன பண்ணுச்சு, 2018 நவம்பர்ல கஜா டெல்டாவை என்ன பண்ணுச்சுன்னு நமக்குத் தெரியும். முதல்ல பறந்தது கூரைதான். கோடையில ஒரு பொறி பட்டா தெருவே எரியும். 2004-ல கும்பகோணத்துல 94 பிள்ளைகளைக் கொன்னதும் பத்திக்கிட்ட ஒரு கீத்துக் கூரைதான். இதுக்கு மேல இன்னொண்ணு இருக்கு. நம்ம ஊர்ல யார் மாடி வீடு கட்டலாம், யார் கட்டக்கூடாதுங்கிறதே சாதி தீர்மானிச்ச காலம் ஒண்ணு இருந்தது. அப்படிப்பட்ட தெருவுல ஒருத்தர் கான்கிரீட் தளம் போட்டா அது வெறும் தளம் கிடையாது. தலை நிமிர்ந்து நிக்கிறது அது. அவர்கிட்ட போய் "கார்பன்"னு பேசினா நம்மளைத்தான் செருப்பால அடிக்கணும்.

2024-ல தமிழக அரசு 'கலைஞரின் கனவு இல்லம்'னு ஒரு திட்டம் அறிவிச்சது. குடிசைக்குப் பதிலா 2030-க்குள்ள 8 லட்சம் கான்கிரீட் வீடு, வீடு ஒண்ணு 360 சதுர அடி. மேல சொன்ன கணக்கைப் போட்டா அதுல ஒரு வீட்டுக்கு 9 டன் சொச்சம். நம்ம பதிவர் நண்பர் ஒருத்தர் புறநகர்ல 2400 சதுர அடியில டூப்ளெக்ஸ் கட்டுறாருன்னு வைங்க, அதுக்கு 62 டன். அதாவது ஒரு டூப்ளெக்ஸ் = ஆறரைக் குடும்பத்தோட வீடு. அதனால சிக்கனம் யார்கிட்ட ஆரம்பிக்கணும்னு பட்டிமன்றம் எதுவும் தேவையில்ல. நம்மகிட்டதான்.

நான் சொல்ல வர்றது சிம்பிள். சிமெண்ட்டை ஊரை விட்டுத் துரத்த வேண்டாம். அஸ்திவாரம், தளம், லிண்டல் பெல்ட்னு எது அதால மட்டும்தான் முடியுமோ அந்த வேலைக்கு அது இருக்கட்டும். ஆனா சுவரைத் தூக்க, சுவர் மேல பூச, பூசினதுக்கு மேல பட்டி பாக்க, மழைத்தண்ணி இறங்காம வாசலை மூட, எல்லாத்துக்கும் அதையே கொட்டுறோம் பாருங்க, அங்கதான் நம்ம தப்பு. அதை மாத்த வழி இருக்கு, பெரும்பாலானது இன்னைக்கே கையில இருக்கு. என்னோட வரிசைப்படி சொல்றேன்.

1. இடிக்காதீங்க. எல்லாத்துலயும் கரி கம்மியான வீடு, ஏற்கனவே நிக்கிற வீடுதான். 30 வருஷத்து நல்ல வீட்டை "பழைய மாடல்"னு இடிச்சு, அதே இடத்துல அதே அளவு வீட்டைக் கட்டுறது இப்ப ஒரு வியாதியா இருக்கு. இடிச்சே ஆகணும்னாலும் செங்கல், கதவு, நிலை, உத்திரம் எதுவும் குப்பை கிடையாது. காரைக்குடியில பழைய வீட்டுச் சாமானுக்குன்னே கடை வெச்சு வியாபாரம் நடக்குது. சென்னை ஆளுங்க லாரி வெச்சு அள்ளிட்டு வர்றாங்க.

2. சின்னதாக் கட்டுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற விருந்தாளிக்காக ஒரு பாத்ரூம் அட்டாச்டு ரூம் தேவையா? எந்த மண் கல்லும் எந்தப் பச்சை சிமெண்ட்டும் குறைக்காத அளவை, கட்டாத ஒரு ரூம் குறைச்சுடும். காசும் மிச்சம்.

3. சிமெண்ட்டை மாத்துங்க. கடையில ரெண்டு ரகம் கிடைக்கும். சாதா ஓ.பி.சி., அப்புறம் அனல் மின் நிலையச் சாம்பல் கலந்த பி.பி.சி. இதுல 15-ல இருந்து 35 சதவீதம் வரைக்கும் சாம்பல் இருக்கலாம்னு தர விதியே சொல்லுது. இரும்பு ஆலைக் கசடு கலந்த பி.எஸ்.சி.ன்னு ஒண்ணும் இருக்கு. அதுல கசடு 70 சதவீதம் வரைக்கும் போகலாம். மேல சொன்ன 1000 சதுர அடி வீட்டுல ஓ.பி.சி.க்குப் பதிலா பி.பி.சி. போட்டா மட்டும் ஒரு 4 டன் குறையும். பைசா கூட ஆகாது, பெரும்பாலும் மூட்டைக்குச் சில ரூபாய் கம்மிதான்.

"அது ஸ்ட்ராங் இருக்காது சார், ஒட்டுக்கு 53 கிரேடுதான்"னு மேஸ்திரி சொல்லுவார். அவர் சொல்றதுல பாதி நிஜம். கலப்பு சிமெண்ட் இறுகக் கொஞ்சம் மெதுவா இறுகும். சாதா சிமெண்ட்டுக்கு 7 நாள் தண்ணி காட்டினா போதும்னா, இதுக்கு 10 நாளாவது காட்டணும், சென்ட்ரிங் பிரிக்கவும் அவசரப்படக் கூடாது. அந்த அவசரம்தான் பிரச்சனையே. பலகை வாடகை ஏறுது, அடுத்த சைட்டுக்குப் போகணும். பொறுமையா விட்டா பின்னாடி பலத்துல குறையே வராது. கடலோர ஊர்னா கம்பி துருப்பிடிக்கிறதைத் தடுக்க இதுதான் இன்னும் நல்லது.

4. ஒரு மாடி வீட்டுக்குப் பில்லர் எதுக்கு? அடுக்குமாடிக்கு வேணும், சரி. தரைத்தளமும் மேல ஒண்ணும் மட்டும்னா, நல்ல மண்ணா இருந்தா, சுவரே பாரத்தைத் தாங்கும். நம்ம தாத்தா வீடெல்லாம் அப்படித்தான் நிக்குது. பூகம்பத்துக்குப் பாதுகாப்பா லிண்டல் மட்டத்துல வீட்டைச் சுத்தி ஒரு கான்கிரீட் பெல்ட், மூலையில கம்பின்னு விதிப்படி போட்டுக்கணும். முழுசா பில்லர், பீம்னு போட்டு, நடுவுல சும்மா நிக்க ஒரு சுவரும் கட்டுறதை விட கம்பிச் செலவு நல்லாவே இறங்கும். இதை மேஸ்திரிகிட்ட விடாம ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க.

5. சுவர். இங்கதான் சுவாரசியமே. லாரி பேக்கர்னு ஒருத்தர். 1917-ல இங்கிலாந்துல பர்மிங்ஹாம்ல பிறந்து, இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாவே ஆகி, 2007-ல திருவனந்தபுரத்துல காலமானார். ஒரு வீடு அதைச் சுத்தி அஞ்சு மைலுக்குள்ள கிடைக்கிற பொருள்லயே கட்டப்படணும்னு காந்தி சொன்னதைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்ட மனுஷன். அவர் கேரளாவுல பரப்பினதுல ஒண்ணு எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காம, பக்கவாட்டுல நிக்க வெச்சு, நடுவுல காத்து இடைவெளி விட்டுக் கட்டுறது. சுவர் அதே 9 இஞ்ச் தடிமன்தான். செங்கல் கால்வாசி குறையும், கலவையும் குறையும். நடுவுல இருக்கிற காத்து வெயிலையும் உள்ள விடாது. திருவனந்தபுரம் உள்ளூர்ல இருக்கிற வளர்ச்சி ஆய்வு மையத்துக்குப் போனா அவர் 1970-கள்ல கட்டின கட்டடங்களைப் பாக்கலாம். பூச்சே இல்லாத செங்கல், அரை நூற்றாண்டு கேரள மழையை வாங்கிட்டு நிக்குது.

செங்கல்லே வேண்டாம்னா மண் கல். இதைச் சொன்னதும் குடிசைச் சுவர் ஞாபகம் வந்துடும். அது வேற, இது வேற. ஜல்லியும் மணலும் களியும் சரியாக் கலந்த செம்மண்ணைச் சலிச்சு, அதுல 5 சதவீதம் அளவுக்கு சிமெண்ட் சேத்து, லேசா ஈரமாக்கி, கை மிஷின்ல அழுத்திக் கல்லா எடுக்கிறது. சூளை கிடையாது. நாலு வாரம் ஈரம் காயாம வெச்சிருந்தா கல் தயார். மேல் மண்ணை எடுக்கக் கூடாது, அது விவசாயத்துக்கு. அதுக்குக் கீழ இருக்கிற மண், பல சமயம் உங்க அஸ்திவாரத்துக்கோ மழைநீர்த் தொட்டிக்கோ தோண்டின மண்ணே போதும். ஆரோவில்ல 1989-ல ஆரம்பிச்ச மண் கட்டடக்கலை நிறுவனம் இதுல உலகத்துக்கே வாத்தியார். அங்க விகாஸ் குடியிருப்புல நாலு தளக் கட்டடத்தையே இந்தக் கல்லுல எழுப்பியிருக்காங்க. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல 1974-லயே 'அஸ்த்ரா'ன்னு ஒரு பிரிவு தொடங்கி இதை ஆராய்ஞ்சிருக்காங்க. அந்த ஊர்ல மண் கல் வீடு இன்னைக்கு ஒரு ஃபேஷனே. இதுக்கு ஐ.எஸ். 1725-ன்னு இந்தியத் தர விதியும் இருக்கு. சுட்ட செங்கல்லோட ஒப்பிட்டா செலவாகிற எரிசக்தி பல மடங்கு கம்மி.

கரிசல் பூமிக்காரங்க அவசரப்பட வேண்டாம். ஈரத்துல ஊதி, வெயில்ல வெடிக்கிற மண் இதுக்கு சரிப்படாது. உங்களுக்குச் சாம்பல் கல் இருக்கு. தூத்துக்குடி, மேட்டூர், எண்ணூர் மாதிரி அனல் மின் நிலையச் சாம்பலைச் சுண்ணாம்பு, ஜிப்சம் அல்லது கொஞ்சம் சிமெண்ட்டோட சேத்து அழுத்தினது. இதுக்கும் சூளை கிடையாது. பக்கத்துல என்ன கிடைக்குதோ அதுதான் உங்க பொருள். ராமநாதபுரத்துக்கு ஆரோவில் செம்மண்ணை லாரியில ஏத்திட்டுப் போனா அந்த டீசல்லயே மிச்சம் பிடிச்சதெல்லாம் கரைஞ்சு போயிடும்.

6. தளம். கான்கிரீட்டுக்கு அழுத்தம் தாங்கத் தெரியும், இழுவை தாங்கத் தெரியாது. தளத்தோட அடிப்பாதியில இழுவையைத் தாங்குறது கம்பிதான். அங்க கிடக்கிற கான்கிரீட் பெரும்பாலும் சும்மா எடைக்கு இருக்கு. அதனால கம்பிக் கட்டங்களுக்கு நடுவுல பழைய மங்களூர் ஓட்டையோ, மண் சட்டியையோ வெச்சுக் கான்கிரீட் போட்டா (நிரப்புத் தளம்னு வெச்சுக்கலாம்) சுமார் அஞ்சுல ஒரு பங்கு கான்கிரீட் மிச்சம். தளம் எடை குறையுறதால கம்பியும் குறையும். கீழ இருந்து பாத்தா ஓடு தெரியும், அழகாவும் இருக்கும். பூசி மறைக்காதீங்க, ப்ளீஸ்.

7. பூச்சும் தரையும். உள் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு யோசிச்சுப் பாருங்க. சுண்ணாம்பைச் சுட 900 டிகிரி போதும். அது சுவர்ல காயக் காய, சூளையில விட்ட கரியமில வாயுல ஒரு பகுதியைக் காத்துல இருந்து திரும்ப வாங்கித்தான் கல்லாகும். தரைக்கு மோர்பியில இருந்து 1500 கிலோமீட்டருக்கு மேல லாரியில வர்ற, 1200 டிகிரியில சுட்ட டைல்ஸ் மட்டும்தான் வழியா? ஆத்தங்குடிக் கல்லுல சிமெண்ட் இருக்கு, ஆனா அதைச் சுடுறதில்ல. கண்ணாடி மேல வார்த்து, தண்ணில போட்டு எடுக்கிறது. நூறு வருஷம் ஆன செட்டிநாட்டு வீட்டுல கால் வெச்சுப் பாத்தவங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

பழசு எல்லாம் பொன்னுன்னு நான் சொல்லல. மெட்ராஸ் டெரஸ் எடுத்துக்குங்க. தேக்கு உத்திரம் போட்டு, சின்ன அச்சுக்கல்லைச் சாய்வா நிறுத்தி, கடுக்காய், வெல்லம் சேத்த சுண்ணாம்புக் கலவையில கட்டி, மேல செங்கல் ஜல்லி போட்டு அடிச்சு, தட்டோடு பதிச்ச தளம். கீழ உக்காந்தா மே மாசம் கூடச் சுகமா இருக்கும். ஆனா அந்தத் தேக்குக்கு எத்தனை காடு போச்சுன்னும் கணக்குப் பாக்கணும். இன்னைக்கு எல்லாரும் அப்படிக் கட்ட நினைச்சா மேற்குத் தொடர்ச்சி மலை மொட்டை. அதுல இருந்து எடுத்துக்க வேண்டியது சுண்ணாம்பு, கொத்தனாரோட கைவேலை, பொறுமை. உத்திரத்தை விட்டுடலாம்.

இப்ப நீங்க கேக்கப் போறது தெரியும். "இவ்வளவு நல்லதுன்னா ஏன் யாரும் கட்டல?"

கரையான் அரிக்கும், மழையில கரையும்னு ஒரு பயம். 5 சதவீத சிமெண்ட் சேத்து அழுத்தின கல் கரையாது. ஆனாலும் எந்த மண் சுவருக்கும் காலுக்குச் செருப்பும் தலைக்குக் குடையும் வேணும். அதாவது ரெண்டு அடி உயரத்துக்குக் கருங்கல் பேஸ்மட்டம், மேல நல்லா நீட்டின சன்ஷேட். வெள்ளம் நிக்கிற தாழ்வான இடம்னா மண் கல் பேச்சை விட்டுடுங்க.

செலவு கம்மியாகுமான்னு கேட்டா, எப்பவும் ஆகாது. செங்கல் விலை இறங்கும், கூலி ஏறும். கல் அறுக்க, சீராக் கட்ட, பூசாம விடுற சுவரை நூல் பிடிச்சுத் தூக்க ஆள் கூலி கூடுதல். ஆனா அந்தக் காசு சூளை நிலக்கரிக்குப் போகாம உள்ளூர்க் கொத்தனார், சித்தாள் கைக்குப் போகுது. எனக்கு அது நட்டமாத் தெரியல.

நிஜமான தடை வேற எடத்துல இருக்கு. என் பெரியப்பா மகன் விழுப்புரம் பக்கம் மண் கல்லுல வீடு ஆரம்பிச்சார். வீட்டுக் கடனுக்கு ஒரு வங்கிக்கு விண்ணப்பிச்சார் (எந்த வங்கின்னு வேண்டாம், விடுங்க). மதிப்பீடு பண்ண வந்தவர் சுவரைத் தட்டிப் பாத்தார், சுரண்டிப் பாத்தார். அப்புறம், "சார், என் படிவத்துல கச்சா, பக்கான்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. இதை எதுல டிக் அடிக்கிறது?"ன்னு அண்ணன்கிட்டயே கேட்டார். மண்ணுன்னா கச்சா, கச்சான்னா கடன் கிடையாது. அப்புறம் பொறியியல் கல்லூரி ஆய்வகத்துல கல்லைக் குடுத்து நசுக்கிப் பாத்து சான்றிதழ் வாங்கி, தர விதி எண்ணைக் குறிப்பிட்டு இன்ஜினியர் கடிதம் வெச்சு, ரெண்டு மாசம் கழிச்சுக் கடன் வந்தது. அதுக்குள்ள கொத்தனார் ரெண்டு பேர் வேற சைட்டுக்குப் போயிட்டாங்க. பெரியம்மா இன்னொரு பக்கம், "ஏம்ப்பா, காசு இல்லாமத்தான் மண்ணுல கட்டுறான்னு ஊரு பேசாதா?"ன்னு. ஒரு கல்லோட வலிமையை நசுக்கிப் பாத்து நிரூபிச்சுடலாம். அந்த ரெண்டு கட்டத்தையும் பெரியம்மா கேள்வியையும் எந்த ஆய்வகத்துல குடுக்கிறது?

அதனாலதான் சொல்றேன், இது வசதி இருக்கிறவன் ஆரம்பிக்க வேண்டிய வேலை. டாக்டர் வீடும் வக்கீல் வீடும் ஐ.டி.காரர் வீடும் பூசாத செங்கல்லுலயும் மண் கல்லுலயும் எழும்பினா "காசில்லாதவன் வீடு"ங்கிற பேச்சு தானா அடங்கும். வங்கிப் படிவம் மாறும். கொத்தனாருக்கு வேலை தொடர்ச்சியாக் கிடைக்கும், பையனுக்குச் சொல்லித் தருவார். கேரளாவுல பேக்கர் பாணி வேர் பிடிச்சதே, மீனவர் வீட்டுல இருந்து ஆராய்ச்சி நிறுவனம், சர்ச் வரைக்கும் எல்லாத்தையும் அவர் ஒரே பொருள்ல, ஒரே மரியாதையோட கட்டினதாலதான்னு நினைக்கிறேன்.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கு. 8 லட்சம் வீடுன்னா அது எவ்வளவு பெரிய வாய்ப்பு! தளம் கான்கிரீட்டாவே இருக்கட்டும், அதுல கை வைக்க வேண்டாம். சுவருக்கு மட்டும் அந்தந்த மாவட்டத்துல கிடைக்கிற சூளை போகாத கல்லைத் தரச் சான்றோட குடுக்கலாம். அதுக்கு முன்னாடி, தாலுகா ஆபீஸையும் கலெக்டர் பங்களாவையும் அதே கல்லுல கட்டிக் காட்டணும். வரிசை முக்கியம். ஐ.டி.ஐ.ல கொத்தனார் பயிற்சியில எலிப்பொறிக் கட்டையும் சுண்ணாம்பு வேலையையும் சேக்கணும்.

சிமெண்ட் ஆலைகளுக்கும் வழி இருக்கு. எல்.சி.3-ன்னு ஒண்ணு. சுவிட்சர்லாந்து, கியூபா, நம்ம ஐ.ஐ.டி.கள் எல்லாம் சேந்து உருவாக்கினது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதுல உண்டு. வழக்கமான கிளிங்கரைப் பாதியாக் குறைச்சு, மிச்சத்துக்குச் சுமார் 800 டிகிரில சுட்ட களிமண் 30 சதவீதம், சுடாத சுண்ணாம்புக்கல் 15 சதவீதம், ஜிப்சம் 5 சதவீதம். கரியமில வாயு 30-40 சதவீதம் வரைக்கும் குறையும். 2023-ல இதுக்கு இந்தியத் தர விதியும் வந்தாச்சு. நிலக்கரி மின் நிலையங்களை மூட மூட சாம்பல் குறையும், அப்ப இதுதான் கை குடுக்கும். நம்ம ஊர்க் கடையில "எல்.சி.3 இருக்கா?"ன்னு நாலு பேர் கேட்டாத்தான் அஞ்சாவது தடவை கடைக்காரர் கம்பெனிக்குப் போன் பண்ணுவார். கேட்டு வைங்க.

நீங்களோ உங்க உறவுக்காரங்களோ இந்த வருஷம் கட்டுறதா இருந்தா, வரைபடம் போடுறப்பவே இன்ஜினியர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க. இதுல எந்த ரூம் இல்லாம நாங்க வாழ முடியும்? பில்லர் இல்லாம நிக்குமா? பி.பி.சி. போட்டு 10 நாள் தண்ணி காட்ட உங்க அட்டவணையில இடம் இருக்கா? மூணுல ஒண்ணுக்கு நல்ல பதில் வந்தாலே பல டன் மிச்சம். மண் கல் எல்லாம் அதுக்கப்புறம் பேசிக்கலாம்.

பி.கு: எலிப்பொறிக் கட்டு, சுண்ணாம்புப் பூச்சு, நிரப்புத் தளம் தெரிஞ்ச மேஸ்திரி உங்க ஊர்ப் பக்கம் இருந்தா பின்னூட்டத்துல ஊர் பேரை மட்டும் சொல்லுங்க. போன் நம்பரைப் பொதுவுல போட வேண்டாம், தனிமடல்ல அனுப்புங்க. மாவட்ட வாரியா ஒரு பட்டியல் போட்டு, கட்டப் போறவங்க கேட்டா சொல்லலாம்னு இருக்கேன். "மண்ணாவது, கல்லாவது, நான் கான்கிரீட்தான்"னு கும்ம நினைக்கிறவங்களும் வாங்க. ஆனா சதுர அடிக்கு எத்தனை மூட்டைன்னு கணக்கோட வாங்க :-)